இரண்டு கட்டை இறக்கி

திருவண்ணாமலைக் கல்யாண மண்டபங்களில் பல வருடங்களாக ஒரு மெல்லிசைக் குழுவோடு சினிமாப் பாட்டுப் பாடிவந்தவள் கஸ்தூரி. 1999 தை முகூர்த்தங்கள் முடிந்தபோது அவளுக்குத் தொண்டை கட்டியது. பங்குனி வந்தும் விடவில்லை. குரலை மேலே எடுத்தால் வெறும் காற்றுதான் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கோலாலம்பூரிலிருந்து அவள் முன்பு பாடிய ஒரு பாட்டைப் பற்றித் தகவல் வந்தது. ஏரி உடைந்தபோது ஊரை எழுப்ப ஓடிய ஒரு பெண்ணைப் பற்றிய கதைப்பாட்டு அது. குழுவின் கீபோர்டுக்காரர் தரணேந்திரன் மெட்டமைத்து, கஸ்தூரியைப் பாடவைத்து, அங்கே நடக்கும் சர்வதேசப் பாட்டுப் போட்டிக்கு கேசட்டை அனுப்பியிருந்தார். பாட்டு இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டது. நேரில் வந்து பாட வேண்டும்.

எல்லோரும் வாழ்த்தினார்கள். கஸ்தூரி பயத்தில் ஒடுங்கிப்போனாள். அவளுடைய அம்மா தொண்டைப் புற்றில் இறந்தவள்.

அவள் கணவர் அப்பாதுரை பஸ் கண்டக்டர். ஒருநாள் அவரே கேட்டுவிட்டார்.

"தொண்டைக்கு என்னா? மறைக்காத, சொல்லு."

சொன்னாள். மறுநாளே வேலூருக்கு அழைத்துப்போனார். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார்.

"பாடிப் பாடிக் காய்ச்சுப் போயிருக்கும்மா. புத்தெல்லாம் இல்ல. கத்திப் பாடாதீங்க, போதும்."

வெளியே வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பாதுரை அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

ஊர் திரும்பியதும் தரணேந்திரனிடம் போனாள்.

"அண்ணா, வேற யாரையாச்சும் பாட வைங்க. மேல போனா குரல் நிக்க மாட்டேங்குது."

"எதுக்கு மேல போவணும்? சுருதிய ரெண்டு கட்டை எறக்கிடலாம். பக்கத்துல இருக்கறவங்ககிட்ட கதை சொல்ற மாதிரி பாடும்மா."

பாடிப் பார்த்தார்கள். ஓடிக் களைத்த பெண்ணுக்கு அந்தக் கரகரத்த குரல் பொருந்திவிட்டது.

கோலாலம்பூர் மேடையில் பக்கத்தில் இருப்பவர்களிடம் கதை சொல்வதுபோலவே பாடினாள். குரல் கடைசி வரிவரை கூடவே வந்தது. பரிசு வேறொரு நாட்டுப் பாட்டுக்குப் போனது. அப்பாதுரைக்கு போன் போட்டாள்.

"பரிசு கெடைக்கலீங்க."

"அத்த வுடு. தொண்டை வலிக்குதா?"

"இல்லீங்க. கொஞ்சம்கூட வலிக்கல."

அந்தப் பக்கம் அவர் பெருமூச்சு விடுவது கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அதன்பின் உச்சக்குரல் பாட்டுகளைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த சிந்துஜாவுக்கு விட்டுக்கொடுத்தாள். தாழ்ந்த குரல் பாட்டுக்கெல்லாம் கஸ்தூரிதான் வேண்டும் என்று மண்டபக்காரர்கள் கேட்டு அழைத்தார்கள்.