மியூனிக்கில் பதினான்கு கிலோ

எங்கள் ஐரோப்பாப் பயணம் ஓசூர் பேருந்து நிலையத்தில், காலை ஐந்து மணிக்கு, சென்னைப் பேருந்தில் தொடங்கியது. ஐரோப்பாவுக்குச் சென்னை வழியா என்று யாராவது கேட்கலாம். விமானம் பெங்களூரில் இருந்துதான். விசாவுக்குக் கைரேகை வைக்கும் இடமும் பெங்களூரில் இருக்கிறது, எங்கள் வீட்டில் இருந்து நாற்பது கிலோமீட்டர். ஆனால் ராயக்கோட்டை சாலையில் இருக்கும் ஏஜெண்ட், ஆதார் தமிழ்நாட்டு விலாசம் என்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும், குழந்தைகளும் கட்டாயம் வர வேண்டும் என்று அடித்துச் சொல்லிவிட்டார். மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டினால் வேறு நாடு என்று நினைத்தே பழகியவர்கள் நாங்கள். நம்பிவிட்டோம்.

போனவர்கள் நான்கு பேர். நான், என் தம்பி மாதேஷின் மனைவி கோமதி, அவர்களுடைய இரண்டு பெண்கள். யாழினிக்கு ஆறு வயது. மித்ராவுக்கு மூன்றரை. மாதேஷை அவன் வேலை பார்க்கும் கம்பெனி மார்ச் மாதமே பயிற்சிக்காக ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டது. மே மாதம் பள்ளி விடுமுறையில் எங்களை மியூனிக் நகரத்துக்கு வரவழைத்து ஐந்து நாள் சுற்றிக் காட்டுவது அவன் திட்டம். என் கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. எனக்கு வண்டி இருக்கைக்கு உறை தைக்கும் கம்பெனியில் வேலை, தம்பி வீட்டு மாடியில் குடித்தனம். என்னையும் கூட்டிப் போகிறான் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

சென்னைக்கு முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். மித்ராவுக்கு டிக்கெட் கிடையாது, அதனால் இருக்கையும் கிடையாது. கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் என் மடியில் தூங்கிவிட்டாள். பர்கூர், வாணியம்பாடி, வேலூர் என்று ஊர்கள் போனதெல்லாம் நடத்துநர் குரலில்தான் எனக்குத் தெரியும். விசா மையத்தில் இருந்த பெண் காகிதங்களைப் புரட்டிவிட்டு, பன்னிரண்டு வயதுக்குக் கீழே கைரேகையே கிடையாது, குழந்தைகளை அழைத்து வந்திருக்கவே வேண்டாம் என்றார். பெங்களூரிலேயே கொடுத்திருக்கலாமே என்றும் சொன்னார். அன்றே அதே பேருந்துப் பாதையில் திரும்பினோம். ஏஜெண்டிடம் கோமதி போனில் கேட்டதற்கு, "போயிட்டு வந்தாச்சு இல்ல மேடம், விடுங்க" என்றாராம்.

விசா வந்த பிறகு வீடியோ அழைப்பில் திட்டம் போட்டார்கள். மாதேஷ் கம்பெனியில் உற்பத்திப் பிரிவில் இருப்பவன். நாள் முழுவதையும் கட்டம் கட்டி, எந்த இடத்துக்கு எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று எழுதி வாட்சப்பில் அனுப்பியிருந்தான். கோமதி அதைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டாள். மித்ரா பிறந்தபோது கோமதியின் அம்மா வீட்டார் வாங்கிக் கொடுத்த தள்ளுவண்டி பரணில் கிடக்கிறது, எடுத்து வரவா என்று. எங்கள் தெருவில் ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் பைக்குகள். அந்த வண்டி ஒரு நாளும் சாலையைப் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் குழந்தை இடுப்பில்தான் வளரும்.

"அதெல்லாம் எதுக்கு லக்கேஜு? அக்கா இருக்குது இல்ல" என்றான் மாதேஷ்.

நான் அடுப்படியில் அந்தப் பேச்சு கேட்கும் தூரத்தில்தான் நின்றிருந்தேன். அப்போது எனக்கு அது தப்பாகவே படவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது கோபம் அதிகமாக வருகிறது.

சனிக்கிழமை இரவு ஓசூரில் இருந்து டாக்ஸி, விமான நிலையம் வரை இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். விமானத்தின் வாசலில் ஒரு குடும்பம் தங்கள் தள்ளுவண்டியை மடித்துக் கொடுத்தது. அது எடைக் கணக்கிலேயே வராதாம், காசும் கிடையாதாம். கோமதியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மித்ரா என் தோளில் இருந்தாள்.

ஞாயிறு காலை மியூனிக். மாதேஷ் வாடகைக்கு எடுத்திருந்த வீடு செண்ட்லிங் என்ற பகுதியில், மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், நடக்கிறவர்களுக்காகவே கட்டிய ஊர். நடைபாதை எங்கள் தெருவைவிட அகலம். தண்ணீர் பாட்டில் மூன்று யூரோ என்றதும் எனக்குத் தாகம் போய்விட்டது. பிறகுதான் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்று தெரிந்தது.

நான் அங்கே பார்க்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். நகரத்தின் நடுவே மரியன்பிளாட்ஸ் என்ற சதுக்கம். அங்கே நகரமன்றக் கோபுரத்தில் ஒரு மணிக்கூண்டு. காலை பதினொன்று, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து மணிக்கு மணிகள் பாட்டாக அடிக்க, ஆள் உயரப் பொம்மைகள் சுற்றி வந்து ஆடும். மாதேஷ் மார்ச் மாதம் அதை வீடியோ எடுத்து அனுப்பினான். சாப்பாட்டு இடைவேளையில் அதை என்னோடு தைக்கும் பெண்களுக்குக் காட்டி, நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

திங்கட்கிழமை. ஹாராஸ் நிலையத்தில் பாதாள ரயில் ஏறினோம். எல்லோருக்கும் சேர்த்து ஒரு நாள் டிக்கெட் பதினெட்டு யூரோ எழுபது சென்ட். மித்ராவுக்கு இலவசம். பெட்டியில் எனக்கு எதிரே ஒரு பெண், நெற்றியில் பொட்டு. நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து முப்பது வருடமாக அங்கே இருக்கிறவர்.

"பிள்ளையை ஏன் நீங்கள் தூக்கித் திரியிறீங்கள்? தள்ளுவண்டில் ஒண்டு எடுக்கேல்லையோ?" என்று கேட்டார்.

நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி ஜன்னலைப் பார்த்தான். பாதாள ரயிலில் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது? பழைய சாமான் விற்கும் கடையில் பத்துப் பதினைந்து யூரோவுக்கு நல்ல வண்டியே கிடைக்கும் என்று சொல்லி, கடை இருக்கும் தெருவையும் கோமதியிடம் சொல்லிவிட்டு அந்த அம்மா இறங்கிப் போனார்.

சதுக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றுக்கு ஐந்து நிமிடம். மித்ராவுக்கு அவசரமாக வந்துவிட்டது. ஸ்டேஷனுக்குள் இறங்கி, கழிப்பறை வரிசையில் நின்று, ஒரு யூரோ கொடுத்து நான் மேலே வருவதற்குள் கூட்டம் கலைந்து போய்க்கொண்டிருந்தது. யாழினி ஓடிவந்து, பொம்மை சண்டை போட்டது அத்தை, ஒண்ணு விழுந்துடுச்சு என்றாள். பன்னிரண்டு மணிக்கு மறுபடி உண்டாம். ஆனால் மாதேஷ் போட்ட கட்டத்தில் அந்த நேரத்துக்கு அரண்மனை இருந்தது. அரண்மனையில் அறை அறையாகத் தங்கம். மித்ரா எதையும் தொட்டுவிடக்கூடாதே என்று அவளை இறக்காமலே நடந்தேன். அதற்குப் பிறகு தேவாலயக் கோபுரம், முந்நூறு படிக்கு மேல். அவர்கள் ஏறினார்கள். நாங்கள் இருவரும் கீழே நின்றோம்.

குழந்தையோடு போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைக்கு அரண்மனையும் ஒன்றுதான், அரண்மனை வாசலில் மேயும் புறாவும் ஒன்றுதான். புறாவோடு கால் மணி நேரம் விட்டால் அன்று முழுவதும் அழாது. எங்கள் திட்டத்தில் அந்தக் கால் மணி நேரம் இல்லை. ஊர் முழுக்கத் தெருவுக்குத் தெரு மணல் கொட்டிய விளையாட்டுத் திடல்கள், காசே கிடையாது. அவற்றைக் கடந்து கடந்து போனோம். யாழினி ஒவ்வொரு திடலையும் திரும்பிப் பார்த்துக்கொண்டே கோமதியின் கையில் இழுபட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை கார் மியூசியம். கார்களைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. மித்ரா பதினான்கு கிலோ. முதல் நாள் இடது இடுப்பு, அடுத்த நாள் வலது இடுப்பு, மியூசியம் முடிவதற்குள் இரண்டும் போய்விட்டன. மாலை ஐந்து மணிக்குச் சரியாக மறுபடி சதுக்கத்துக்கு வந்துவிட்டோம். மாதேஷே, "அக்கா, இப்ப பாத்துக்கோ" என்று முன்னால் இடம் பிடித்துக் கொடுத்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகும்.

மணி அடிக்கத் தொடங்கியது. மித்ரா என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலை என் கன்னத்தோடு அழுந்திக் கிடந்தது. கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கழுத்தைப் பின்னால் சாய்க்க வேண்டும். சாய்த்தால் அவள் தலை நழுவும், விழித்து அழுவாள். இரண்டு தரம் முயற்சி செய்தேன். இரண்டு தரமும் சிணுங்கினாள். சுற்றி இருந்த நூற்றுக்கணக்கான பேரும் அண்ணாந்து நிற்க, நான் மட்டும் தரையில் பாவியிருந்த கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாட்டு காதில் விழுந்தது. கல் சாம்பல் நிறம். அதைப் பார்க்கவா ஓசூரில் இருந்து வந்தேன்?

எல்லாம் முடிந்ததும் மாதேஷ் போனைப் பார்த்து, அடுத்தது பூங்கா, இருபது நிமிட நடை என்றான். ஒரு தூணின் படியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த கோமதியின் மடியில் குழந்தையை வைத்தேன்.

"மாதேசு, இனிமே நான் தூக்க மாட்டேன்" என்றேன்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. "என்னாக்கா, கால் வலிக்குதா? கொஞ்ச நேரம் உக்காந்துட்டு தூக்கினு வா."

"உக்காந்தாலும் தூக்க மாட்டேன். நாளைக்கும் தூக்க மாட்டேன்."

"பாப்பா உனக்கு பாரமா ஆயிட்டாளா?"

"பாரந்தான். பதினாலு கிலோ. நீ தூக்கிப் பாரு."

என் வாழ்க்கையில் இத்தனை வார்த்தை நான் அவனிடம் எதிர்த்துப் பேசியதில்லை. கம்பெனியில் சூப்பர்வைசர் கேட்டால்கூடத் தலையை ஆட்டிவிட்டு வருகிறவள். முகம் சுட்டது. கோமதி மெல்ல, "ஏன் அண்ணி மொதல்லயே சொல்லல?" என்றாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பொறுக்கவில்லை. கேட்காதவர்கள் மேல் தப்பில்லை, சொல்லாதவள் மேல்தான் தப்பு என்று ஆகிவிட்டதல்லவா.

பூங்காவுக்கு மாதேஷ்தான் தூக்கி வந்தான். பாதி வழியில் தோள் மாற்றினான். பிறகு நின்றான். பிறகு, பூங்கா இவ்வளவு தூரம் என்று போனில் போடவில்லையே என்றான். தூரம் சரியாகத்தான் போட்டிருந்தது. ஆற்றங்கரையில் முதலில் தென்பட்ட மணல் திடலிலேயே குழந்தையை இறக்கிவிட்டுப் புல்லில் மல்லாந்து படுத்துவிட்டான். அவனைக் கேலி செய்ய எனக்கு நிறைய வார்த்தைகள் வந்தன. அதற்குப் பதில் பெண்கள் இருவரின் செருப்பையும் கழற்றி மணலில் விட்டேன். குழந்தைகள் இருட்டும் வரை விளையாடின. அங்கே மே மாதத்தில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிறது.

புதன்கிழமை பக்கத்து நாட்டில் இருக்கும் சால்ஸ்பர்க் நகரத்துக்குப் போவதாக இருந்தது. போய்வர நான்கு மணி நேர ரயில். காலையில் மாதேஷ் தானாகவே, வேண்டாம் என்றான். அவனும் கோமதியும் அந்த யாழ்ப்பாணத்து அம்மா சொன்ன கடைக்குப் போய்ப் பதினைந்து யூரோவுக்கு ஒரு தள்ளுவண்டி வாங்கி வந்தார்கள். நீல நிறம், ஒரு சக்கரம் கீச்சென்று கத்தும்.

பதினொன்றரைக்கு நான் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றதும் மாதேஷ் கேட்டான், "தனியா போயிடுவயா?"

"அஞ்சு ஸ்டேஷன்தானே."

போனேன். ரயிலில் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தேன், பிறகு கம்பியைப் பிடித்தேன். சதுக்கத்தில் கூட்டத்தின் நடுவில் நின்று, பன்னிரண்டு அடித்ததும் கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தேன். மேல் தட்டில் குதிரை வீரர்கள் மோதி ஒருவன் சாய்ந்தான். கீழ்த் தட்டில் சிவப்புச் சட்டைக்காரர்கள் சுழன்று ஆடினார்கள். கடைசியில் உச்சியில் ஒரு தங்கச் சேவல் கூவியது. உண்மையைச் சொன்னால், பொம்மைகள் நான் நினைத்ததைவிட மெதுவாகத்தான் ஆடின. சேவலின் குரல் சேவல் போலவே இல்லை. ஆனால் ஒன்று விடாமல் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். வண்டி விமானத்தின் வாசல் வரை வந்தது, காசு கேட்கவில்லை. ஓசூர் வந்து சேர்ந்ததும் அது பரணில் பழைய வண்டிக்குப் பக்கத்தில் போய்விட்டது. எங்கள் தெரு அப்படியேதான் இருக்கிறது. மித்ரா மறுபடி யார் இடுப்பிலாவது இருக்கிறாள். இங்கே அதற்குத் தெரு காரணம். அங்கே அந்தக் காரணமும் இல்லையே.

இதை எழுதுவதற்குக் காரணம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பயிற்சி முடிந்து மாதேஷ் ஊர் திரும்பிவிட்டான். அவனோடு வேலை பார்க்கும் ஒருவர் மனைவியோடும், இரண்டு வயது மகனோடும், தன் அம்மாவோடும் வீட்டுக்கு வந்திருந்தார். ஆகஸ்டில் வியன்னா போகிறார்களாம். திட்டம் போட உதவி வேண்டும் என்றார். மாதேஷ் தன் பழைய கட்டங்களை அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னான். ஒரு வரியைக்கூடத் திருத்தவில்லை. குழந்தையை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கோமதி கேட்டதற்கு அந்த மருமகள், "எங்க அத்தை வர்றாங்க இல்ல" என்றாள்.

அந்த அத்தை ஓரத்தில், பேரனை மடியில் வைத்துக்கொண்டு, ஆறிப்போன டீயைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். ஊத்தங்கரைப் பக்கமாம். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க அங்க என்னா பாக்கணும்னு இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நானா?" என்று மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். யாரும் கேட்டிருக்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. "பனி பாக்கணும். தரையெல்லாம் வெள்ளையா கெடக்குமே, அது" என்றார்.

மகன் சிரித்தார். "ஆகஸ்ட்ல அங்க பனி இருக்காதும்மா."

அந்த அம்மா டீயைக் கீழே வைத்தார். மடியில் இருந்த பேரனைத் தூக்கி மகன் கையில் கொடுத்தார்.

"அப்ப எதுக்குடா ஆகஸ்ட்ல போறோம்?" என்றார்.