கலியபெருமாள் ஏற்றி வைத்த ட்ரெபிள்

காட்டுமன்னார்கோயில் அரிசி ஆலையில் இருபத்திரண்டு வருடமாக மெஷின் ஓட்டும் கலியபெருமாள், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியதெல்லாம் விலை உயர்ந்த ஹெட்போன்கள்தான். எதிலும் திருப்தியில்லை. "பாட்டுல சலங்கை சத்தமே காணோம். இதெல்லாம் ஒரு ஹெட்போனு!" என்று வாய்க்கு வந்தபடி திட்டி, மூன்றை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்.

நான்காவதை அவர் விடவில்லை. போனில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திறந்து, சலங்கை போன்ற கூரிய ஒலிகளுக்கான ட்ரெபிளைத் துளித்துளியாக ஏற்றி, இரண்டு வருடத்தில் மனசுக்குப் பிடித்த பதத்துக்குக் கொண்டுவந்தார். அந்தப் பெருமையில் மகள் இளமதியின் தலையில் மாட்டினார். அவள் அலறிப்போய்க் கழற்றினாள்.

"என்னாப்பா இது, காதுல ஊசி எறக்குற மாதிரி இருக்கு! எப்புடிப்பா கேக்குறீங்க?"

அவள்தான் விடாப்பிடியாகச் சிதம்பரத்துக்குக் காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். சோதித்த தாளில் கேட்கும் திறனைக் காட்டும் கோடு எங்கே பள்ளமாக இறங்கியிருந்ததோ, அங்கேதான் கலியபெருமாள் ஈக்வலைசரில் மேடாக ஏற்றி வைத்திருந்தார்.

"மில்லு சத்தம் காதைத் தின்னுடுச்சிங்க. போனது வராது," என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் ஏற்றியதையெல்லாம் பூஜ்யத்துக்கு இறக்கினார். பாட்டு சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிப்பது போலிருந்தது. கழற்றி மகளிடம் நீட்டினார்.

மாட்டிக்கொண்டவள் முகம் மலர்ந்தாள். "இப்பதாம்பா நல்லாருக்கு. அந்த சலங்கை எவ்ளோ அழகா கேக்குது, இல்ல?"

"ஆமாம்மா," என்றார் கலியபெருமாள்.