ஒரு குடும்பம், இரண்டு அடுப்பு

சிலாவத்துறையில் புதிதாக எழுந்த பொதுமண்டபத்துக்கு இன்னும் கதவு போடவில்லை. அங்கேதான் அந்தப் பயிற்சி நடந்தது. மீள்குடியேறிய பெண்களுக்கு வீட்டு வரவுசெலவைச் சமாளிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுக்க, ஏதோ ஒரு நிறுவனம் ஓர் இளைஞரை அனுப்பியிருந்தது. அவர் பெரிய தாளில் ஒரு வாளியை வரைந்தார்.

"இதுதான் உங்கட மாத வருமானம். இதில எங்கெங்க ஓட்டை இருக்கு எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

முன்வரிசையில் இருந்த ஹவ்வா உம்மா, ஊருக்கு இடியப்பம் அவித்து விற்பவர், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "தம்பி, நீங்க வரைஞ்சது வாளி. எங்களுக்குத் தந்திருக்கிறது சிரட்டை. அதில கண் பிறக்கேக்கயே இருக்கு."

மண்டபம் சிரித்தது. இளைஞரும் சிரித்தார். நல்ல பிள்ளைதான். ஆனால் அவரை அனுப்பியவர்கள் யாரும், வீதி போடும் கொந்தராத்துக்காரன் நாட்கூலி எவ்வளவு கொடுக்கிறான் என்று கேட்டுவிட்டு அனுப்பியதாகத் தெரியவில்லை. ஏழைக்குச் சிக்கனம் கற்பிக்க ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கிறது. கூலியைக் கூட்டிக் கொடு என்று முதலாளிக்குக் கற்பிக்கத்தான் ஆளில்லை.

பின்வரிசையில் இருந்த ஸுஹறா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாளியில் இருப்பது ஓட்டை அல்ல, தன்னிடம் இருப்பதே இரண்டு வாளி என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஸுஹறா ஊரிலுள்ள முன்பள்ளியின் ஆசிரியை. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தாள். சிலாவத்துறை இருக்கும் முசலிப் பகுதியிலிருந்து அதேபோல் துரத்தப்பட்ட அப்துல் றசாக்கை அங்கேயே கலியாணம் முடித்தாள். உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் உழைத்து, கல்லுக்கல்லாகச் சேர்த்து, இருவரும் அங்கே இரண்டு அறை வீடொன்று கட்டினார்கள். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பலாம் என்றானபோது றசாக் முதலில் வந்து, வாப்பாவின் காணியில் காடு வெட்டித் தகரக் கொட்டில் போட்டான். பிறகு அவளும் வந்தாள். குடும்பம் குடியிருக்காத காணிக்கு வீட்டுத்திட்டம் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

மகள் றிப்கா மட்டும் வரவில்லை. அவள் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிறாள். சிலாவத்துறையில் அதற்கு ஆசிரியர் இல்லை. ஆகவே புத்தளம் வீட்டில், றசாக் தாத்தா என்று அழைக்கும் அவனுடைய மூத்த சகோதரியின் துணையோடு இருந்தாள். கணவனை இழந்த அந்த மாமியை விட்டால் அங்கே அவளுக்கு ஆளில்லை.

அங்கே ஓர் அடுப்பு, இங்கே ஓர் அடுப்பு. அங்கே மின்சாரம், இங்கே மண்ணெண்ணெய். இரண்டு இடத்துக்கும் அரிசி, இரண்டு இடத்துக்கும் தேங்காய். இடையில் பஸ் காசு. வெயிற்காலத்தில் காட்டுப் பாதையால் போய்விடலாம். மாரியில் அந்தப் பாதை வெள்ளத்தில் மூழ்கினால் மதவாச்சியைச் சுற்றித்தான் போகவேண்டும். காசும் இரட்டிப்பு, நாளும் வீண்.

இது ஸுஹறா வீட்டுக் கதை மட்டுமல்ல. திரும்பி வந்தவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் இருந்தார்கள். காணி இங்கே, பெயர் அங்கே. புத்தளத்து விதானையாரின், அதாவது கிராம அலுவலரின், பதிவேட்டில் இருந்த பெயரை யாரும் வெட்டவில்லை. ஒருமுறை கையில் ஒரு பையோடு துரத்தப்பட்டவர்கள், அடுத்தமுறைக்கு ஒரு கூரையைத் தயாராக வைத்திருந்தார்கள். அதை முட்டாள்தனம் என்று சொல்ல, துரத்தப்படாத எவருக்கும் வாயில்லை.

அன்று மாலை அவள் றசாக்கிடம் பேச்சை எடுத்தாள். அவன் வீதி வேலையிலிருந்து தாரும் தூசியுமாக வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"மன்னார் ரவுணில விஞ்ஞானம் இருக்கு. விடிய இஞ்சயிருந்து பஸ் போகுது. பக்கத்து அரிப்பு ஊர்ப் பிள்ளையள் சிலபேர் அதிலதான் போறாங்களாம். சீசன் ரிக்கற் எடுத்தாக் காசும் பெரிசா இல்ல."

"எடுக்கிறதுதானே."

"சீசனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் விதானையார்ர வதிவிடக் கடிதம் வேணும். அவர் தாறதெண்டா எங்கட பதிவு இஞ்ச வரோணும். அங்க வெட்டோணும்."

றசாக் கழுவுவதை நிறுத்தினான். "அது மட்டும் ஏலாது."

"ஏன் ஏலாது?"

"நாளைக்கு ஏதும் நடந்தா எங்க போறது? பழையபடி பள்ளிவாசல் விறாந்தையிலயா படுக்கிறது?"

"வீட்டை விக்கச் சொல்லேல்லயே. பெயரைத்தான் மாத்தச் சொல்றன்."

"பெயர் இல்லாத ஊரில வீடு இருந்து என்ன புள்ள? தண்ணிக் குழாயில கூட வரிசை தரமாட்டாங்கள். நான் பார்த்தவன்."

அவன் சொன்னது பொய்யல்ல. அகதிக்கு எந்த அரசாங்கக் கந்தோரும் தானாகக் கதிரை போட்டதில்லை. இங்கே கேட்டால் நீங்கள் அந்த மாவட்டம் என்பார்கள், அங்கே கேட்டால் நீங்கள் இந்த மாவட்டம் என்பார்கள். இருபது வருடம் இரண்டு மேசைகளுக்கிடையே பந்தாக உருண்டவன், கையில் கிடைத்த ஒரு பதிவை எளிதில் விடமாட்டான். ஸுஹறாவாலும் அவனை ஒரேயடியாக மறுக்க முடியவில்லை.

"பிள்ளை அங்க நல்லாத்தானே இருக்கு," என்றான் றசாக், சமாதானமாக. "திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்குதாம். தாத்தா போனில சொல்லிச் சந்தோசப்பட்டா."

அந்தச் சந்தோஷம் ஸுஹறாவுக்கும் இருந்தது. ஹவ்வா உம்மாவிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தாள். வாரத்தில் இரண்டு நாள், கட்டாயமில்லாத சுன்னத்தான நோன்பு பிடிக்கும் பதினேழு வயதுப் பிள்ளை எத்தனை வீட்டில் இருக்கிறது?

கார்த்திகை மாரி கொட்டியது. காட்டுப் பாதை மூடப்பட்டது. மாதக் காசை வழமைபோல் ஆள் மூலம் அனுப்ப வழியில்லாமல் ஸுஹறாவே மதவாச்சியைச் சுற்றிப் புறப்பட்டாள். வருவதாக அவள் சொல்லவில்லை. போனில் காசு இல்லை. புத்தளத்தில் இறங்கி வீட்டை அடையும்போது அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. அன்று திங்களும் அல்ல, வியாழனும் அல்ல. புதன்கிழமை.

குசினியில் றிப்கா ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு வெறுந்தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். உம்மாவைக் கண்டதும் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து கட்டிக்கொண்டாள். தோள் எலும்பு ஸுஹறாவின் கழுத்தில் குத்தியது.

"இண்டைக்கு என்ன நோன்பு?"

"சும்மா பிடிச்சனான் உம்மா."

"சும்மாவா? மாமி எங்க?"

"பக்கத்து வீட்ட. அவவுக்குச் சோறு போட்டு மூடி வச்சிருக்கிறன்."

ஸுஹறா மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கோப்பைச் சோறு, ஒரு துண்டுக் கருவாடு. சட்டியில் வேறொன்றும் இல்லை. அரிசித் தகரத்தைத் திறந்தாள். பாதிக்குமேல் இருந்தது. மாதம் முடியப்போகும் நேரத்தில் அப்படி இருக்கக் கூடாது.

"உண்மையைச் சொல்லு. எத்தனை நாள் பிடிக்கிறாய்?"

றிப்கா தரையைப் பார்த்தாள். "முதல்ல திங்கள் வியாழன்தான். பிறகு… பழகிட்டுது. மாமி கேட்டா நோன்பு எண்டு சொன்னாக் கவலைப்படமாட்டா. சாப்பிடேல்ல எண்டு சொன்னாத்தான் அழுவா."

அவள் உள்ளே போய், கணிதப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த நோட்டுகளைக் கொண்டுவந்து நீட்டினாள். "இத நீங்க கொண்டுபோங்க. அங்க மண்ணெண்ணெய்க்குப் போதாது எண்டு வாப்பா மாமியிட்டச் சொன்னவராம்."

ஸுஹறா அந்தக் காசை வாங்கவில்லை. வாசற்படியில் போய் இருந்தாள். நோன்பு பிடிப்பது நோன்பு பிடிப்பவரின் விருப்பம். பசிக்கு நோன்பு என்று பெயர் வைக்க ஒரு பிள்ளையைப் பழக்கியது யார்? அதைக் கேட்டு மகிழ்ந்தது யார்? தன் பிள்ளை பட்டினி கிடந்ததைத் தானே ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறாள். அடுத்தமுறை வரக்கூடிய ஓர் ஆபத்துக்காக, இந்தமுறை வந்துவிட்ட ஆபத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டார்கள்.

அவள் எழுந்து அடுப்பை மூட்டினாள். இரண்டு சுண்டு அரிசி போட்டாள். மாமியும் வந்து சேர, மூவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். மாமி விஷயம் கேட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து, "என்னையும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போ," என்றார். "இந்த வீட்டைக் காவல் காத்து என்னத்தக் கண்டன்? பிள்ளையைக் காக்கத் தெரியேல்ல."

ஊர் திரும்பிய ஸுஹறா, நடந்ததை நடந்தபடி றசாக்கிடம் சொன்னாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவன் சோற்றுக் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்தான்.

"தள்ளாதீங்க. நீங்களும் நோன்பு தொடங்கினா என்னால தாங்க ஏலாது."

அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. கோப்பையைத் திரும்ப இழுத்துச் சாப்பிட்டு முடித்தான். பிறகு கேட்டான்:

"அந்த வீட்டை என்ன செய்யிற?"

"வாடகைக்கு விடுவம். கூரை எங்கடதான். பெயர் மட்டும் இஞ்ச வரட்டும்."

"ஏதும் நடந்தா?"

"நடந்தா, எல்லாரோடயும் சேர்ந்து ஓடுவம். நடக்காட்டி, பிள்ளை படிச்சிருக்கும்."

மறுநாள் வேலைக்குப் போகும் நேரத்தில் றசாக் வெளுத்த சேட்டுப் போட்டுக்கொண்டு நின்றான். "விதானையார் எத்தனை மணிக்கு வருவார்?" என்று கேட்டான். பதிவை வெட்டிய துண்டில் ஒப்பம் வைத்தபோது அவன் கை சற்று நடுங்கியதாகப் பின்னால் ஹவ்வா உம்மாவிடம் அவனே சொல்லிச் சிரித்திருக்கிறான். "கலியாணப் பதிவுக்குக் கூட அப்பிடி நடுங்கேல்ல தாத்தா."

"அதுக்கு நடுங்கியிருக்கோணும். இதுக்கு இல்ல," என்றார் ஹவ்வா உம்மா.

தை மாதம் றிப்காவும் மாமியும் சிலாவத்துறைக்கு வந்தார்கள்; றிப்கா மன்னார்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். விடிகாலை பஸ்ஸில் ஏறி, அரிப்பில் ஏறும் டினோஜா என்ற பிள்ளையோடு இரசாயனவியல் ஆசிரியரைக் குறைசொல்லிக்கொண்டே போகிறாள். பின்னேரம் வரும்போது பசியோடு வருகிறாள். சட்டியைத் திறந்து, "கறி இவ்வளவுதானா?" என்று முகம் சுளிக்கிறாள். அந்தச் சுளிப்பைப் பார்க்கும்போதெல்லாம் ஸுஹறாவுக்கு நெஞ்சு குளிர்கிறது. புத்தளத்து வீட்டு வாடகை மாமியின் மருந்துக்கும் பிள்ளையின் ரியூசனுக்கும் போகிறது.

இங்கே கதையை முடித்தால், சிக்கனத்தால் உயர்ந்த குடும்பம் என்று யாராவது பாடப்புத்தகத்தில் போட்டுவிடுவார்கள். உண்மை வேறு. ஓர் அடுப்பை அணைத்த பிறகுதான், மிஞ்சிய ஓர் அடுப்புக்கும் சம்பளம் போதவில்லை என்பது ஸுஹறாவுக்கு மறைப்பில்லாமல் தெரிந்தது. இனி ஓட்டை என்று சொல்ல ஒன்றுமில்லை. வாங்கும் பணமே சிறியது. முன்பள்ளி ஆசிரியைக்கு மாதம் நாலாயிரம். அதைச் சம்பளம் என்று சொல்ல வெட்கமோ என்னவோ, கொடுப்பனவு என்பார்கள். அவர்களை ஆசிரியர் என்றும் சொல்வதில்லை. தொண்டர்.

டினோஜாவின் தாய் பெற்றிசியாவும் அரிப்பில் முன்பள்ளி ஆசிரியைதான். பிள்ளைகள் கூட்டாளிகளாக, தாய்மாரும் பழகினார்கள். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் ஸுஹறா கேட்டாள்: "அக்கா, இந்தத் தொண்டு எண்டது ஆருக்குச் செய்யிறம்?"

"அதைத்தான் நானும் பாதரிட்டப் பாவசங்கீர்த்தனத்தில கேக்கலாமெண்டு இருக்கிறன்," என்றாள் பெற்றிசியா.

இருவரும் பாவசங்கீர்த்தனத்தோடு விடவில்லை. முசலிப் பக்கத்து முன்பள்ளிகளுக்கெல்லாம் போய் ஆள் சேர்த்தார்கள். முக்காடு போட்டவர்கள், சிலுவை மாலை போட்டவர்கள், பொட்டு வைத்தவர்கள் என்று பதினாறு பெண்கள் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகள் போகும் அதே பஸ்ஸில் மன்னாருக்குப் போனார்கள். சம்பளத்தைப் பற்றிப் பேச, அதற்குரிய கந்தோருக்கு.

கந்தோர் வாசலை அடைத்தபடி ஒரு கழுதை படுத்திருந்தது. மன்னாரில் அது புதினமில்லை. காவலாளி விரட்டியும் எழும்பவில்லை. பெண்கள் காத்து நின்றார்கள்.

"இவரும் எங்கட ஆள்தான்," என்றாள் பெற்றிசியா. "சம்பளம் இல்லாமச் சுமக்கிறவர்."

"இல்லயக்கா, வடிவாப் பாருங்க," என்றாள் ஸுஹறா. "இவர் சுமக்கிறத விட்டுக் கனகாலம். இப்ப வாசலில படுத்துக்கிடந்துதான் வேலை செய்யிறார்."

பதினாறு பேரும் சிரித்த சத்தத்துக்குக் கந்தோர் யன்னல்கள் இரண்டு திறந்தன. ஓர் அலுவலர் எட்டிப் பார்த்து, யார் நீங்கள், என்ன வேண்டும் என்று கேட்டார்.

"நாங்க ரீச்சர்மார்," என்று கீழேயிருந்து ஸுஹறா சொன்னாள். "வாறம், இருங்கோ."