ஒரே பெயரில் இரண்டு கொள்ளுத்தாத்தாக்கள்

துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் எங்கள் டைல்ஸ் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் ஒரு அம்மையார் வேலை பார்த்தார். பாஸ்போர்ட் அர்ஜென்டினா, பூர்வீகம் இத்தாலி, சம்பளம் திர்ஹமில். டைல்ஸை உடைத்துப் பார்ப்பதுதான் வேலை. ‘எந்த ஊர்?’ என்று யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் பதில் முடியக் கால் மணி நேரம் ஆகும். நான் மதுரைக்காரன். அதே கம்பெனியில் விசா, பாஸ்போர்ட், லீவு காகிதங்களைப் பார்க்கிற ஆள். படிவத்தைக் கண்டாலே எரிந்து விழுகிறேன் என்பது என் மனைவியின் புகார். ஊரார் படிவங்களைக் காலமெல்லாம் நிரப்பினால் காந்தி மகானே எரிந்து விழுவார்.

எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் மாற்றாந்தாய்தான். அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். அவருடைய கொள்ளுத்தாத்தா இத்தாலியின் தெற்கே ஒரு மலைக்கிராமத்திலிருந்து கப்பலேறி, அர்ஜென்டினாவில் ரொட்டிக்கடையில் மாவு பிசைந்தவர். அவர் மகன் ரயில்வேயில் சேர்ந்தார். பேரன் பள்ளிக்கூட வாத்தியார். அவர்தான் இந்த அம்மையாரின் அப்பா. இத்தனை தலைமுறையில் ஒருவர்கூட அந்தக் கிராமத்தை எட்டிப் பார்க்கவில்லை. அதன் பெயர் மட்டும் சொத்து மாதிரி கைமாறி வந்திருந்தது.

மதியச் சாப்பாட்டின்போது இந்தக் கதையைக் கேட்க எனக்கு எரிச்சலாக இருக்கும். கொஞ்சம் பொறாமையும்தான். அமாவாசைத் தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று பெயரை நானும் கடகடவென்று ஒப்பிப்பேன். மூன்றாமவர் எந்த ஊர், என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன்.

“இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது மேடம்?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

“எனக்கு ஒண்ணும் ஆகாது. எங்கப்பாவுக்குத்தான்” என்றார் அவர்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, இதயத்தில் கோளாறு. இந்த செப்டம்பரில் விமானம் ஏறலாம், அடுத்த வருடத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா அர்ஜென்டினாவிலிருந்தும் மகள் துபாயிலிருந்தும் ரோமுக்குப் போய், சேர்ந்து கிராமத்துக்குப் போவதாக ஏற்பாடு. டிக்கெட் எடுத்தாயிற்று. லீவுக்கும் நான்தான் கையெழுத்து வாங்கித் தந்தேன்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது அவர் என் மேஜைக்கு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கிராமத்து அலுவலகத்துக்கு அவர் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்திருந்தது. ‘நீங்கள் கேட்ட மனிதர் இங்கேதான் பிறந்தார். ஆனால் எங்கேயும் போகவில்லை. அறுபது வயதில் இறந்து, எங்கள் கல்லறையிலேயே இருக்கிறார்.’ சாட்சியாக இறப்புப் பதிவேட்டின் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

“அப்ப எங்க கொள்ளுத்தாத்தா வேற யாரோ. வேற ஏதோ ஊரு. எங்கப்பா அந்த ஊர்ப் பேரைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர். இந்த வயசுல அவர்கிட்ட போய், அது நம்ம ஊரே இல்லப்பான்னு எப்படிச் சொல்றது? லீவை கேன்சல் பண்ணிடுங்க.”

ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ வேறு.

“இனிஷியல் என்ன?”

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“உங்க கொள்ளுத்தாத்தாவோட அப்பா பேரு என்னன்னு கேட்டேன்.”

“அது எதுக்கு? பேரு சரியா இருக்கு, குடும்பப் பேரு சரியா இருக்கு, ஊரும் சரியா இருக்கு.”

எதற்கென்று எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் எங்கள் தொழிலாளர் கேம்பில் சிவகங்கைப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரே ஊர், ஒரே பெயர். அண்ணன் தம்பி பிள்ளைகள். இருவருக்கும் தாத்தா பெயர். தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டவனை விட்டுவிட்டு, வந்து ஆறு மாதம்கூட ஆகாத மற்றவனுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அவனாவது வாயைத் திறந்தானா? பெட்டியைக் கட்டிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டான். “கம்பெனியே போடான்னு சொல்லுது, நான் ஏன் சார் வேணாங்கணும்?” என்றான். மேனேஜரிடம் நான் வாங்கிய திட்டு நாலு பாஷையில் இருந்தது. சூடு கண்ட பூனையான நான் அன்றிலிருந்து முதலில் அப்பா பெயரைப் படிப்பேன், பிறகுதான் ஆளின் பெயர்.

அம்மையார் கொள்ளுத்தாத்தாவின் கல்யாணச் சான்றிதழை போனில் தேடி எடுத்தார். அர்ஜென்டினாவில் நடந்த கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா பெயரை வாசித்தார். பிறகு இறப்புப் பதிவேட்டை விரலால் பெரிதாக்கி, அதில் இருந்த அப்பா பெயரை வாசித்தார். இரண்டும் வேறு. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“உங்க பக்கம் மூத்த பையனுக்கு யார் பேர் வைப்பாங்க?” என்று கேட்டேன்.

“அப்பாவோட அப்பா பேரு. எங்கப்பாவுக்கும் அப்படித்தான், அந்தக் கொள்ளுத்தாத்தா பேரையே…” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

“அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அதே பேரை வைப்பாங்கல்ல?”

அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

எங்கள் குடும்பத்திலும் அப்படி மூன்று பேர் உண்டு. பெரியவன், சின்னவன், மெட்ராஸ்காரன் என்று அடைமொழி சேர்த்துத்தான் கூப்பிடுவோம். இத்தாலிக்காரர்களும் நம்மைப்போல இருப்பார்கள் என்று நான் கண்டேனா?

அன்றைக்கே மறுபடி எழுதினார். பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. தினமும் காலையில் பஞ்ச் அடித்த கையோடு பரிசோதனைக் கூடத்தை எட்டிப் பார்ப்பேன். அவர் உதட்டைப் பிதுக்குவார். “யாரோட கொள்ளுத்தாத்தாவுக்கோ உங்களுக்கு ஏன் சோறு இறங்க மாட்டேங்குது?” என்று என் மனைவி கேட்டாள். தெரியவில்லை. உண்மையிலேயே இறங்கவில்லை.

பத்தாவது நாள் அவரே என் அறைக்கு ஓடி வந்தார். இன்னொருவர் இருந்திருக்கிறார், கல்யாணச் சான்றிதழில் இருந்த அதே அப்பா பெயரோடு. அதே வீடு, முன்னவருக்குப் பதினோரு மாதம் இளையவர். பிறப்புப் பதிவு இருக்கிறது, இறப்புப் பதிவு இல்லை. ஓரத்தில் யாரோ சின்னதாக எழுதி வைத்திருந்தார்கள்: ‘அமெரிக்கா போய்விட்டார்.’ அந்தக் காலத்தில் அவர்களுக்கு அர்ஜென்டினாவும் அமெரிக்காதானாம். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஆபீஸ் முழுக்க டீ சொன்னேன்.

செப்டம்பரில் ஒரு வீடியோ அனுப்பினார். கையில் ஒரு பையோடு அவர் அப்பா, கல் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறுகிறார். கதவைத் திறக்கிறவருக்கும் கிட்டத்தட்ட அதே வயது. ஊரிலேயே இருந்துவிட்ட அந்த முன்னவரின் பேரன், பெயரும் அதேதான். என்ன பேசிக்கொண்டார்கள் என்று அம்மையார் கீழே எழுதி அனுப்பியிருந்தார்.

“மூணு வருஷத்துல திரும்பிடுவேன்னு சொல்லிட்டுப் போனாராம் உங்க தாத்தா. இந்த வீட்டுல யாராவது லேட்டா வந்தா இன்னமும் அவரைச் சொல்லித்தான் திட்டுவோம்” என்றார் கதவைத் திறந்தவர்.

மதுரை ஏர்போர்ட்டில் நான் என் அம்மாவிடம் சொன்னது இரண்டு வருடம். இப்போது இருபது ஆகிறது. ஆபீசில் எல்லோரும் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

வீடியோவில் அம்மையாரின் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். பிறகு, வீட்டில் கேட்டுக் கேட்டு வந்த அரைகுறை இத்தாலிய மொழியில் தன் தாத்தாவுக்காகப் பதில் சொல்கிறார்.

“கொஞ்சம் லேட் ஆயிடுச்சு.”

“அதான் வந்துட்டீங்கல்ல” என்று மற்றவர் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.