பொய்யாக வாசித்த எர்ஹூ

பாம்புத் தோல் அப்படி நாறும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. மழையில் ஊறிய செருப்பையும் பழைய மீன்பெட்டியையும் சேர்த்து மூடி வைத்துத் திறந்தது போன்ற நாற்றம். அந்தத் தோல் இழுத்து ஒட்டிய சின்ன மரப்பெட்டி என் இடது தொடையில் இருந்தது. பெட்டியிலிருந்து மேலே ஒரு தண்டு, அதில் இரண்டே இரண்டு கம்பிகள். எர்ஹூ என்றார்கள். சீனர்களின் வயலின் மாதிரியாம். நீ வாசிக்க வேண்டியதில்லை, வாசிப்பதுபோல் கையை ஆட்டினால் போதும் என்றார்கள்.

இத்தாலியில், பலெர்மோ நகரத்துப் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில், ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு வெள்ளைக்கார அம்மாவின், வீட்டில் ஆறு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தேன். துடைப்பது, சமைப்பது, அவருடைய கால்களுக்கு எண்ணெய் தேய்ப்பது. அவருக்கு எழுபதாவது பிறந்தநாள் வந்தது. அவருடைய மகள் அந்த வருடம்தான் பத்து நாள் ஜப்பானைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அம்மாவின் விருந்தைக் கிழக்கு நாட்டுப் பாணியில் நடத்தப்போவதாகச் சொன்னாள். இடம் நகரத்துக்கு வெளியே சியாகுல்லி. மந்தரீன் தோடம்பழத் தோட்டங்களுக்கு நடுவே அவர்களுடைய உறவினரின் பழைய மாளிகை. நேரம் மத்தியானம்.

“உன்ரை ஆக்களிலை மூண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வா. இசைக்குழு மாதிரி இருத்தோணும்,” என்றாள்.

“நாங்கள் சீன ஆக்கள் இல்லை. ஜப்பான் ஆக்களும் இல்லை.”

“முகத்திலை வெள்ளை பூசினால் ஆருக்குத் தெரியப் போகுது?”

அந்தக் குளிர்காலத்தில் என் பெர்மெஸ்ஸோவை, இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு வேலை ஒப்பந்தக் கடிதம் வேண்டும். சிஞ்ஞோராவின் காகிதங்களையெல்லாம் மகள்தான் பார்த்தாள். ஓம் என்றேன்.

என் கணவரையும் எங்களுக்குத் தெரிந்த மட்டக்களப்புச் சகோதரிகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கணவர் அதே சியாகுல்லியில் பழம் பிடுங்கும் வேலைக்குப் போகிறவர். முதலாளிமாரின் வாசல் வழியாக அங்கே நுழைவது அன்றுதான் முதல் தடவை. அவருக்கு அதுவே சிரிப்பாக இருந்தது.

வாத்தியங்களை மூடிப்போன ஒரு நாடகக் கொட்டகையின் சாமான் அறையிலிருந்து எடுத்து வந்திருந்தார்கள். கணவருக்கு ஆளளவு நீளமான ஜப்பான் கோத்தோ ஒன்று கிடைத்தது. வீணை போலத் தரையில் கிடத்தி மீட்டுவது. கம்பிகளைத் தாங்கும் குதிரைகள் எல்லாம் கழன்றுபோய், பதின்மூன்று கம்பிகளும் தொங்கின.

“இஞ்சரப்பா, இது கொடிக்கயிறெல்லோ. உடுப்புக் காயப்போடலாம்,” என்றார்.

“சும்மா இருங்கோப்பா. ஆக்கள் பாக்கினம்.”

எங்களுக்கு உடுத்திவிட்ட கிமோனோக்களும் அதே சாமான் அறையிலிருந்து வந்தவைதான். என்னுடையதில் கைக்கடியில் யாரோ ஒருத்தியின் வியர்வை மஞ்சள் வட்டமாகக் காய்ந்து மொடமொடத்தது. ஒரு பெண் முகத்தில் வெள்ளைச் சாயத்தை அப்பினாள். பிறகு கண்ணின் ஓரத்தோலைக் காதுப்பக்கம் இழுத்து ஒட்டும் டேப் போட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். சீனத்து வாத்தியம், ஜப்பான் உடுப்பு, அதற்குள் இலங்கையின் வன்னியிலிருந்து வந்த நான்.

ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டார்கள். முதலில் ஒரு பலகை ‘டக்’கென்று அறைந்தது. பிறகு மணிகளும் கல்லில் தட்டும் ஓசையும் குழல்களும் சேர்ந்து மெல்ல மெல்ல நகர்ந்தன. ஆண்குரல்கள் ஒரே எழுத்தை நீட்டி நீட்டி இழுத்தன. நான் வில்லைக் கம்பிகளின் மேல் வைத்து அங்குமிங்கும் ஆட்டினேன். விருந்தாளிகள் வறுத்த மீனைக் கையால் கிழித்துத் தின்றபடி எங்களைப் படம் பிடித்தார்கள். ஒருத்தி எண்ணெய் விரலால் கோத்தோவின் கம்பியை இழுத்துவிட்டுச் சிரித்தாள். ஒரு தடித்த மனிதர் வைன் கிண்ணத்தோடு என் அருகில் வந்து நின்றார். ஒலிவ் காய் ஒன்றைச் சப்பி, அதன் கொட்டையை எர்ஹூப் பெட்டியின் பின்பக்க ஓட்டைக்குள் துப்பினார். பிறகு இன்னொன்று. பெட்டிக்குள் அது உருண்டது. எச்சில் என் தொடையில் கிமோனோவில் பட்டு ஊறியது. நான் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். கொரியாக்காரி. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பலெர்மோவில் இத்தாலியப் பாட்டுப் படிப்பவள். கேக் வெட்டுமுன் இரண்டு பாட்டுப் பாடுவதற்காக அழைத்திருந்தார்கள். கறுப்புக் கவுணோடு நேரே என்னிடம் வந்து குந்தினாள்.

“சிஞ்ஞோரா, வில் வெளியிலை இல்லை. ரெண்டு கம்பிக்கும் இடையிலை இருக்கோணும்,” என்றாள்.

பலெர்மோவில் என்னை யாரும் சிஞ்ஞோரா என்று கூப்பிட்டதில்லை. அவள் வில்லின் மயிரைக் கழற்றிக் கம்பிகளுக்கு நடுவே விட்டு, மறுபடி மாட்டினாள். நான் பழக்கதோசத்தில் கையை ஆட்ட, பூனையின் வாலை மிதித்ததுபோல் ஒரு கீச்சு. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் தூரத்திலிருந்து உதட்டில் விரல் வைத்தாள்.

“நீங்கள் எந்த ஊர்?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“சிறிலங்கா. தமிழ்.”

அவள் என் கண்ணோர டேப்பைப் பார்த்தாள். பிறகு ஒலிபெருக்கிப் பக்கம் தலையைத் திருப்பிக் கொஞ்சம் கேட்டாள்.

“இது எங்கட நாட்டு இசை. செத்துப்போன ராசாக்களுக்குப் படைக்கேக்கை வாசிக்கிறது. அவையின்ரை ஆவியைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுறது.”

எனக்கு உடம்பு கூசியது. ஒரு வீட்டின் படையலில் பிறத்தியார் குந்தியிருந்து ஒலிவ் கொட்டை துப்புகிறார்கள். அதற்கு நான் பக்கவாத்தியம்.

அவள் எழுந்து போய் மகளிடம் அதைச் சொன்னாள். மகள் கையை வீசினாள். “அழகாக இருக்குதுதானே. இஞ்சை ஆருக்கு வித்தியாசம் தெரியும்?” என்றாள். பிறகு அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உடுப்புப் பெட்டியில் மிச்சமிருந்த ஒரு கிமோனோவை எடுத்து நீட்டினாள். “உனக்குத்தான் சரியான முகம் இருக்கு. இதைப் போட்டுக்கொண்டு இவைக்கு நடுவிலை இரு. பிறகு பாடலாம்.”

“ஏலாது,” என்றாள் அவள்.

மகள் என்னைக் கூப்பிட்டாள். “நீங்கள் ரெண்டு பேரும் ஆசியாக்காரர். நீ கதைச்சால் கேப்பாள். சொல்லு.”

இதற்குப் பிறகு நான் செய்ததை எத்தனையோ தடவை வேறு மாதிரி நினைத்துப் பார்த்திருக்கிறேன். நடந்தது இதுதான். நான் அந்தக் கிமோனோவை வாங்கிக்கொண்டு அவளிடம் போனேன்.

“போடு பிள்ளை. அரை மணித்தியாலம்தானே. அவைக்குச் சந்தோசம். உனக்கும் பாட்டு நடக்கும்,” என்றேன்.

“எங்களை ஆண்ட ஜப்பான்காரரின்ரை உடுப்பு இது, சிஞ்ஞோரா. என்ரை வீட்டிலை ஒருத்தரும் இதைத் தொடமாட்டினம்.”

வன்னியிலிருந்து வந்த எனக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. இருந்தும் உடுப்பை அவள் கையில் திணிக்கப் பார்த்தேன்.

“இதிலை என்ன இருக்கு? வெறும் சீலைதானே,” என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. என் முகத்திலிருந்த சாயத்தைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, பாடாமலே, தோட்டத்து மண்பாதையில் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள். கவுணின் கீழ்விளிம்பு புழுதியில் இழுபட்டது. நான் திரும்பி வந்து உட்கார்ந்து கேக் வெட்டும்வரை கையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து டேப்பைப் பிய்த்தபோது கண்ணோரத்தில் தோலும் சேர்ந்து வந்தது. வெள்ளைச் சாயம் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் காதுமடிப்பில் இரண்டு நாள் இருந்தது. “நாடகத்துக்கு வேசம் போடுறேல்லையே, அது மாதிரித்தான். விடு,” என்றார் கணவர். அவர் அந்தப் பெண்ணிடம் போய்க் கதைக்கவில்லை, அதனால் அவர் விட்டுவிடலாம். திங்கட்கிழமை சிஞ்ஞோரா கைப்பேசியில் வீடியோவைப் போட்டுக் காட்டி, கண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று மதியம் சமைத்ததை வாயில் வைக்க முடியவில்லை.

கடிதம் கிடைத்தது. குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெஸ்ஸோவும் கிடைத்தது. அதன்பின் வேறு வீடு பார்த்துப் போய்விட்டேன்.

ஒரு வருடம் கழிந்திருக்கும். கபோ சந்தையில், முட்டைக்கோஸ் மாதிரியான கோவா விற்கிற மரக்கறிக்காரன் முன்னால் அந்தப் பெண் நின்றாள். ஒவ்வொரு கோவாவாகத் தூக்கி அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயமில்லாத என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நான்தான் என்று சொன்னேன்.

“ஓ, வில்லை வெளியிலை பிடிச்ச சிஞ்ஞோரா.”

“அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்ளு.”

அவள் கோவாவைப் பைக்குள் வைத்தாள். “பிறகு நான் அந்த மாதிரி உடுப்பைப் போட்டனான்,” என்றாள். “வேறை ஒரு கலியாணத்திலை. ரெண்டு தரம்.”

“ஏன்?”

“பெர்மெஸ்ஸோ,” என்றாள்.

அவள் நடந்துபோன அந்தப் புழுதிப் பாதையை ஒரு வருடமாக மனதில் வைத்திருந்தேன். அவளாவது போடவில்லை என்பது எனக்கு ஒரு ஆறுதலாக இருந்திருக்கிறது. அதுவும் இல்லை என்றானபோது யார்மேல் அருவருப்புப் படுவது என்று தெரியாமல், பக்கத்துக் கடையில் ஈ மொய்த்த மீன்குடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவளுடைய அறை அந்தச் சந்துக்குள்தான், மூன்றாம் மாடியில். வரச்சொன்னாள். கோவாவை நாலாக வெட்டி ஊறுகாய்க்காக உப்புப் போட்டு வைத்துவிட்டு, ஒரு பையிலிருந்து வாத்தியம் ஒன்றை எடுத்தாள். எர்ஹூவுக்குச் சொந்தக்காரப் பிள்ளை மாதிரி இருந்தது. ஹேகும் என்றாள். பாம்புத் தோல் இல்லை, மரப்பலகைதான், நாற்றமும் இல்லை. பட்டுக் கம்பி. ஊரிலிருந்து வரும்போது கொண்டு வந்தாளாம். கல்லூரியில் யாருக்கும் தெரியாதாம்.

வாசித்தாள். தடிமன் பிடித்தவர் மூக்கால் அழுவதுபோல் ஒரு சத்தம்.

“எனக்குப் பிடிக்கேல்லை,” என்றேன். அவளிடம் இன்னொரு பொய் சொல்ல மனம் வரவில்லை.

அவள் சிரித்தாள். “எங்கட ஊரிலையும் இதைக் கேங்கேங் எண்டு பகிடி பண்ணுவினம்.” மறுபடி வாசிக்கத் தொடங்கினாள். மேல்மாடியிலிருந்து யாரோ தும்புத்தடியால் தரையில் இடித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. முடித்தபின் வில்லை என் பக்கம் நீட்டினாள். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். வற்புறுத்தாமல் வில்லைத் துடைத்து வைத்தாள். கோவாவிலிருந்து இறங்கிய தண்ணீரை ஊற்ற அவளுக்குப் பாத்திரத்தைச் சரித்துப் பிடித்துக் கொடுத்துவிட்டு, மத்தியான வேலைக்குப் போனேன்.