கங்காணி மீனும் அரக்கு வலையும்

மருமகன் மூன்று படங்களை அனுப்பி, "மாமா, இதுல எத வாங்க?" என்று கேட்டிருந்தான். அக்கா மகன். மதுரையில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் போய் உட்கார்ந்துவிடுவான். மூன்று படத்திலும் இருந்தது வலைதான். தூண்டிலில் மாட்டிய பெரிய மீனைத் தண்ணீரிலிருந்து ஏந்தி எடுக்கிற கைவலை. ஒன்று நைலான், ஒன்று ரப்பர் பூசியது, இன்னொன்று துணி மாதிரி மெத்தென்று தெரிந்தது. பிடித்த மீனைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்களாம். அதற்கு எதற்கு இவ்வளவு செலவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கிழடு என்பான்.

மீனைக் குழம்பில் மட்டுமே நன்றாகத் தெரிந்தவன் நான். ஆனாலும் அவன் எதிர்பார்க்காத வேகத்தில் பதில் போட்டேன். முடிச்சுப் போட்ட வலை வேண்டாம். வாய் அகலமாக இருக்கட்டும், பை ஆழமாக இருக்கட்டும். வலைக்கண் ரொம்பச் சின்னதாக இருந்தால் தண்ணீருக்குள் இழுக்க வராது. கடைசியாக, எந்த நிறத்தில் வாங்கினாலும் முதலில் வாளியில் ஊறப்போட்டுப் பார் என்று சேர்த்தேன். "ஒங்களுக்கு எப்பிடி மாமா இதெல்லாம்?" என்றான். அது போனில் தட்டி அனுப்புகிற சங்கதியா? உங்களிடம் சொல்கிறேன், கேளுங்கள்.

அருப்புக்கோட்டையில் ஒரு சாயப்பட்டறையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். நூல் சிட்டங்களைச் சாயத்தொட்டியில் முக்கி, அலசி, மூங்கிலில் காயப்போட்டு, தறிக்காரர்களுக்கு அனுப்புகிற இடம். சூடான சலவைச் சோடாவும் ஈர நூலும் கலந்து ஒரு வாடை அடிக்கும். சட்டையைத் துவைத்தாலும் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு அது பெருமையாகவே இருந்தது, வேலைக்குப் போகிறவன் என்பதற்கு அதுவே சாட்சி என்று நினைத்துக்கொள்வேன். பட்டறை சரோஜாக்காவுடையது. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். கணவர் இறந்த பிறகு தனியாளாகத் தூக்கி நிறுத்தியவர். "எங்க சாயம் தண்ணிக்கு அசையாது" என்பது அவர் வாயில் எந்நேரமும் இருக்கும் பேச்சு. வாங்க வருகிறவரிடம் மட்டுமில்லை, வழி கேட்டு வருகிறவரிடமும் அதைச் சொல்லித்தான் அனுப்புவார்.

பட்டறைக்குப் பின்தெருவில் ஒரு வட்டக் கிணறு. குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று குழாய்க்கே தெரியாத ஊர் அது. அந்தத் தெரு முழுக்கக் கிணற்றை நம்பித்தான் இருந்தது. சாயக்கழிவு மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றைக் கெடுக்கிறது என்று ஒரு வருடம் சண்டை கிளம்பியது. சரோஜாக்கா இல்லவே இல்லை என்றார். தெருக்காரர்கள் பட்டறையைப் பூட்டச் சொன்னார்கள். கடைசியில் வழி சொன்னது பொன்னுத்தாயக்கா. தெருமுனையில் இட்லி சுட்டு விற்பவர். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று விரல் நீளக் கட்லாக் குஞ்சு ஒன்றை எப்போதோ கிணற்றில் விட்டிருந்தார். அது பெருத்துக் கை நீளத்துக்கு வந்திருந்தது. "மீனு உசுரோட இருக்கவரைக்கும் தண்ணி நல்ல தண்ணி. மீனு மெதந்துச்சுன்னா பட்டறைய மூடிரணும்" என்றார். இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டது.

அன்றிலிருந்து, தண்ணீரை மேற்பார்க்கிற அந்த மீனுக்குக் கங்காணி என்று பெயர். வைத்தவன் பொன்னுத்தாயக்காவின் தம்பி பாண்டி. லாரிகளில் லோடு ஏற்றுகிறவன், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து இடத்துக்காரன். காலையில் இட்லி வாங்கப் போகும்போதெல்லாம் கிணற்றை எட்டிப்பார்ப்பேன். கரிய முதுகு ஒன்று மெல்லத் திரும்பினால்தான் எனக்கு இட்லி இறங்கும். பட்டறையில் வேலை செய்த அத்தனை பேர் பிழைப்பும் அந்த முதுகின் மேல்தான் இருந்தது.

அடுத்து வந்த கோடையில் கிணறு இடுப்பளவுக்கு வற்றியது. தூர் வாரியே ஆகவேண்டும். வாரி முடிகிற வரை மீனை மேலே சிமெண்டுத் தொட்டியில் வைத்துவிட்டுத் திரும்ப விடலாம் என்று தெருவில் பேசி முடித்தார்கள். எடுக்கும்போது செத்தாலும் செத்ததுதானே, பட்டறையை மூடவேண்டியதுதானே என்று யாரோ ஒருவர் சொன்னதாகச் சரோஜாக்கா காதுக்கு வந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. "மீன நாமதான் எடுக்கணும் தம்பி. ஒரு செதிலு பேரக் கூடாது" என்றார். மீன் வலை பற்றி இருவருக்கும் தெரிந்தது பூஜ்யம்.

திருச்சுழிப் பக்கம் ஒரு கண்மாயைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்த்தவரைப் போய்ப் பார்த்தோம். தன்னிடம் இருந்த நைலான் வலையைக் காட்டிவிட்டு அவரே வேண்டாம் என்றும் சொன்னார். "கொழம்புக்குன்னா இது போதும். திரும்ப விடுறதுக்குன்னா ஆகாது. முடிச்சு ஒரசுச்சுன்னா மேல இருக்க வழுவழுப்புப் போயிரும், புண்ணு வச்சு மெதக்கும்." கொசுவலைத் துணியில் தைக்கலாமா என்று கேட்டேன். தண்ணீருக்குள் அதை இழுத்துப்பாருங்கள், கை ஒடிந்துவிடும் என்று சிரித்தார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "செத்துருச்சுன்னா இங்க வாங்க. அதே சைசுல ஒண்ணு தாரேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். பஸ் ஏறினோம். ஊர் எல்லை தாண்டிய பிறகுதான், "பொன்னுத்தாயிக்குத் தெரியும்" என்றார் சரோஜாக்கா.

மெத்தென்ற நூல், முடிச்சில்லாத பின்னல், அகன்ற வாய். அப்படி ஒரு வலை எந்தக் கடையிலும் இல்லை. "நம்மகிட்ட இல்லாத நூலா?" என்று குரோஷா ஊசியை எடுத்துக்கொண்டு தானே உட்கார்ந்துவிட்டார். அவர் எடுத்தது அரக்கு நிறச் சிட்டம். "வெள்ள நூலுல போடலாமேக்கா" என்றேன். "வெள்ள நூலுல இன்னும் மெழுகு போகல தம்பி, வெறைப்பா நிக்கும். சாயம் போட்டதுதான் வெந்து பதமா இருக்கும். நீ பயப்படாத, நம்ம சாயம் தண்ணிக்கு அசையாது." சரியாகத்தான் பட்டது. வெல்டிங் கடையில் பெரிய கம்பி வளையம் செய்து வாங்கி அதில் கோத்தோம். தொட்டுப்பார்த்தால் குழந்தைக்குப் போடுகிற பனியன் மாதிரி இருந்தது. எங்களுக்கே அதன் மேல் ஆசை வந்துவிட்டது.

எடுக்கிற அன்று காலையிலேயே கிணற்றைச் சுற்றிக் கூட்டம். கள்ளத்தனம் நடக்கக்கூடாது என்று பட்டறைக்கு ஒருவர், தெருவுக்கு ஒருவர் இறங்க வேண்டும் என்றார்கள். தெருவுக்குப் பாண்டி. பட்டறைக்கு, நீச்சல் தெரியும் என்று எப்போதோ பீற்றிக்கொண்ட நான். இடுப்பளவுத் தண்ணீருக்கு நீச்சல் எதற்கு என்று தைரியம் சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

உள்ளே காற்றே இல்லை. சேறு கணுக்காலுக்கு மேல் இழுத்தது. அண்ணாந்து பார்த்தால் வட்டமாகத் தலைகள். நாங்கள் இறங்கியதில் தண்ணீர் கலங்கி மீன் எங்கே என்றே தெரியவில்லை. தொடையில் ஏதோ இடித்துவிட்டுப் போனது. நான் கத்திவிட்டேன்.

"ஏலே, சும்மா இருடா. வால் பக்கமாப் போகாத, தலைக்கு முன்னால வலைய வையி" என்றான் பாண்டி.

முதல் தடவை வளையத்தின் விளிம்பில் மோதித் துள்ளிப் போய்விட்டது. அடிபட்டிருக்குமோ? கொஞ்ச நேரம் இருவரும் அசையாமல் நின்றோம். மறுபடியும் அந்த முதுகு சுவரோரமாக வந்தது. நான் வளையத்தைச் சாய்த்து முன்னால் பிடித்தேன், பாண்டி பின்னாலிருந்து கையால் தண்ணீரை அளைந்தான். மீன் தானாகவே உள்ளே வந்தது. தூக்கியதும் கனம் தாங்காமல் என் கை இறங்கியது. பாண்டி மறுபக்கம் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் பார்த்தோம். வலையிலிருந்து சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. மீன் துள்ளத் துள்ள இன்னும் அதிகமாக வந்தது. எங்கள் இடுப்பைச் சுற்றித் தண்ணீரே சிவந்துவிட்டது.

"ரத்தம்டா! கிழிச்சிட்டியா?" என்று பல்லைக் கடித்தான் பாண்டி. ஒரு கையால் மீனின் வயிறு, செவுள் எல்லாம் தடவிப்பார்த்தான். பிறகு உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனான். அந்த வாடை அவனுக்கும் தெரியும். "சாயம்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

மேலேயிருந்து யாரோ, "என்னலே ஆச்சு?" என்று கத்தினார்கள். பாண்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பட்டறை அன்றைக்கே முடிந்தது. கையை விட்டாலும் போதும். பட்டறை வேண்டாம் என்று கூட்டம் போட்டவர்களில் முதல் ஆள் அவன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"டிரம்ம எறக்குங்க. வெரசா!" என்று கத்தினான்.

பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் டிரம் கயிற்றில் இறங்கியது. தண்ணீர் மொண்டு, மீனை வலையோடு அதில் வைத்தோம். கப்பி கிறீச்சிட அது மேலே போனது. மேலே போனதும் ஒரு பெரிய சத்தம் கேட்டது. டிரம்மில் இருந்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டார்கள்.

நாங்கள் ஏறி வந்தபோது மீன் தொட்டியில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். சரோஜாக்கா சுவரோரமாக நின்று, "தேவுடா, தேவுடா" என்று முணுமுணுத்தார். அந்தக் கோடையில் தண்ணீர்ப் பஞ்சத்தால் கடைசி அலசலைக் குறைத்திருந்தோம். அது அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. பொன்னுத்தாயக்கா யாரையும் பார்க்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். மீனை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்து, முன்னால் மெல்லத் தள்ளித் தள்ளி நடத்தினார். செவுள் அசைகிறதா இல்லையா என்று கூட்டம் தொட்டியின் மேல் கவிந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வால் ஒரு முறை அடித்தது. மறுபடியும் அடித்தது. அவர் கையை விட்டார், மீன் தானாகத் தொட்டியைச் சுற்றி வந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. சரோஜாக்காவுக்கு உயிர் திரும்பியது. குரலும் திரும்பியது. "பாத்தீங்கள்ல? அது வலைச் சாயம், அலசாத நூலு, அது எங்க தப்பு. ஆனா மீனு உசுரோட இருக்கு. அப்ப தண்ணி நல்ல தண்ணிதான!" என்றார்.

பொன்னுத்தாயக்கா ஈரச் சேலையோடு தன் கடைக்குப் போனார். அன்று காலை கிணற்றில் இறைத்து வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பில் ஊற்றிக்கொண்டு வந்தார். தெளிந்த தண்ணீர். "அப்பக் குடிங்க முதலாளியம்மா. நீங்க இதக் குடிச்சு நாங்க பாத்ததில்ல."

சரோஜாக்கா அண்ணாந்து மடமடவென்று குடித்தார். பாதியில் நின்றுவிட்டார். சொம்பைக் கீழே இறக்கி, அதற்குள்ளேயே பார்த்தார்.

"உப்பால்ல இருக்கு" என்றார்.

யாருக்கும் அது புரியவில்லை. "நம்ம பக்கத்துத் தண்ணி இப்பிடித்தானே" என்றான் பாண்டி. நான் சொம்பை வாங்கி ஒரு வாய் குடித்தேன். உப்புக் கரித்தது. பட்டறையில் எங்களுக்குக் குடிக்கக் கேன் தண்ணீர்தான். சாயம் நூலில் ஏறுவதற்குத் தொட்டி தொட்டியாக உப்புக் கரைப்போம். அது மண்ணுக்குள் இறங்கிப் போகிற இடத்தை யாரும் கண்ணால் பார்க்க முடியாது, அதற்கு நிறமில்லை. மீன் அதைத் தாங்கிக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் தெருவும் தாங்கிக்கொண்டது.

"இதையா குடிக்கிறீங்க?" என்றார் சரோஜாக்கா.

"பழகிருச்சு. இட்லி மாவுக்கு உப்புப் போடுறத நான் எப்பவோ நிறுத்திட்டேன்" என்றார் பொன்னுத்தாயக்கா. அவர் குத்தலாகச் சொல்லவில்லை, சமையல் குறிப்புச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

பேசிய பேச்சுப்படி மீன் ஜெயித்திருந்தது, பட்டறை ஓடலாம். யாரும் பூட்டச் சொல்லவில்லை. சரோஜாக்கா அன்று சாயங்காலம் தானே அடுப்புகளை அணைத்தார், மறுநாள் எரிக்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் வேலை போயிற்று. கோபப்பட முயன்றும் என்னால் முடியவில்லை. தூர் வாரிய கிணற்றில் மீனைத் திரும்ப விட்டார்கள். மழையும் வந்தது. உப்பு மட்டும் போகவில்லை.

இப்போது பட்டறை இருந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம். கிணற்றின் மேல் இரும்புக் கம்பி போட்டு மூடி, அதன் மேல் பைக்குகளை நிறுத்துகிறார்கள். கீழே எதுவும் நீந்துகிறதா என்று எட்டிப்பார்க்க வழியில்லை. தெருவே கேன் தண்ணீர்தான் வாங்குகிறது. சென்ற மாதம் ஊருக்குப் போனபோது பொன்னுத்தாயக்கா கடையில் சாப்பிட்டேன். முதல் விள்ளலிலேயே நான் நிறுத்தியதை அவர் பார்த்துவிட்டார்.

"கூடிப்போச்சா தம்பி? கேன் தண்ணிக்கு எம்புட்டு உப்புப் போடணும்னே கைக்கு வர மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, சட்னியைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினார்.