வீராசாமி அண்ணன் சுட்ட கிளிங்கர்

வீராசாமி அண்ணன் போய்விட்டார் என்று வடக்குத்திலிருந்து அஞ்சலை போன் செய்தபோது நான் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். "அண்ணன் காலையில எழுந்திரிக்கலைங்க. பால் வாங்கப் போயிருப்பாருன்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன். வெயில் ஏறுனப்புறம் கதவத் தட்டுனா சத்தமே இல்ல," என்றாள். அஞ்சலை அவருடைய பக்கத்து வீட்டுக்காரி. அதற்கு முன்பு ஒரே ஒரு முறைதான் எனக்கு போன் செய்திருக்கிறாள். அந்த முறையும் நல்ல செய்தி இல்லை.

அவரோடு அனல்மின் நிலையத்துப் பாய்லரில் ஷிப்ட் பார்த்த நம்மவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்று அவரவர் ஊருக்குப் போய்விட்டீர்கள். சாவுக்கு வர முடிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வந்தவர்களிலும் சிலர் பந்தலில் உட்கார்ந்து பழைய கதையை ஒன்றுக்குப் பத்தாக்கிப் பேசினார்கள். "ஊருக்கெல்லாம் கரண்ட் எடுத்துக் குடுத்தவன், கட்டுன பொண்டாட்டிய கரண்ட் இல்லாம சாகடிச்சான்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் வளையும். பிணம் கிடக்கிற வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த ஆளுக்கு அங்கே சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அண்ணனுக்குச் சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்பும் செய்த குடும்பம். "கம்பெனிக்கு நெலம் குடுத்தவங்க நெலத்தக் குடுத்துட்டு வேலைக்கு வந்தாங்க. எங்கப்பங்கிட்ட ஏது நெலம்? நான் கையக் குடுத்துட்டு வந்தேன்" என்று சிரித்தபடி சொல்வார். பல வருடம் காண்ட்ராக்டில் சாம்பல் அள்ளிய பிறகுதான் பர்மனெண்ட் ஆனார். டவுன்ஷிப்பில் குவாட்டர்ஸ் கிடைத்த அன்று வீட்டுக்குள் நுழைந்தவர் முதலில் எல்லா லைட்டையும் போட்டாராம். பகல் நேரம். கஸ்தூரி அண்ணி அணைக்கப் போனதற்கு, "எரியட்டும் வுடு, நம்மளுதுதான்" என்றாராம். அண்ணி இதை எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வேலையில் அவர் யாரையும் எதையும் நம்பாத மனுஷர். ஒருநாள் கண்ட்ரோல் ரூமில் மீட்டரெல்லாம் ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் டீயைக் கையில் எடுத்திருந்தோம். அவர் மட்டும் எழுந்து, பாய்லரின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஓட்டையில் நீலக் கண்ணாடியை வைத்து உள்ளே பார்த்துவிட்டு வந்தார். "ஒரு மூலையில தீ சரியில்ல, போய்ப் பாரு" என்றார். போய்ப் பார்த்தோம், உண்மைதான். "மீட்டர் பொய் சொல்லும்டா. நெருப்பு பொய் சொல்லாது. எழுந்து போய்ப் பாக்கணும்." இதை அவர் வாயால் கேட்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும்.

அண்ணிக்குச் சர்க்கரை நோய் முற்றி, கண் பார்வை மங்கி, காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடும் நிலை வந்தது. ஓட்ஸ் சாப்பிடச் சொன்னார் டாக்டர். அண்ணன் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்தார். ஒரு வாய் வாங்கிய அண்ணி, "இத எடுத்துக்கினு போய் செவுத்துல போஸ்டர் ஒட்டுங்க" என்று தட்டைத் தள்ளிவிட்டார். சாப்பிடாவிட்டால் ஊசி போட முடியாது. ஊசி போடாவிட்டால் மிச்சமிருக்கும் பார்வையும் போய்விடும். அந்த நாட்களில் அண்ணன் ஷிப்டுக்கு வரும்போதே முகம் செத்துப்போயிருக்கும்.

மாடி வீட்டில் மேரி டீச்சர் இருந்தார். கிறிஸ்துமஸ் வந்தால் பிளாக் முழுக்கக் கேக் கொடுப்பவர். "கஞ்சி காய்ச்சினா யார் சாப்பிடுவா? கேக் மாதிரி ஓவன்ல வச்சு எடுங்க" என்று வழி சொன்னது அவர்தான். பணி ஓய்வுபெற்று ஊருக்குப் போகும்போது தன் பழைய ஓவனையும் ஒரு தகர டிரேயையும் அண்ணனிடமே விட்டுவிட்டுப் போனார். டிரேயின் ஒரு மூலை நசுங்கியிருக்கும்.

அன்றிலிருந்து அண்ணனின் விடியல் அந்த டிரேயில்தான். ஓட்ஸில் பாலையும் முட்டையையும் அடித்து ஊற்றுவார். பட்டை, ஏலக்காய், ஒரே ஒரு கிராம்பு, கொஞ்சம் சுக்கு, எல்லாவற்றையும் அம்மியில் நுணுக்கிப் போடுவார். மிக்ஸியில் அரைத்தால் வாசனை சூட்டில் செத்துவிடும் என்பார். ஆப்பிளும் கொய்யாவும் பொடிப்பொடியாக நறுக்கி விழும். சர்க்கரை கிடையாது. குவாட்டர்ஸ் பின்பக்கத்துப் பலா பழுத்துவிட்டால் மட்டும் ஒரு சுளை, அதுவும் வாசனைக்கு. "இன்னொரு சுளை போட்டா செத்தா போயிடுவேன்?" என்று அண்ணி சண்டை போடுவார். "ஒன்ன நான் அவ்ளோ சீக்கிரம் வுட்டுருவனா?" என்பார் அண்ணன். ஓரம் சிவந்து, நடுவில் மெத்தென்று, பட்டை மணக்க அது வெளியே வரும்போது அண்ணி முதல் ஆளாகத் தட்டை நீட்டுவார்.

ஒருநாள் அதை டிபன் பாக்ஸில் யூனிட்டுக்குக் கொண்டுவந்தார். பாய்லருக்குள் சாம்பல் உருகிக் கட்டிகட்டியாக இறுகிப்போவதைக் கிளிங்கர் என்போம் அல்லவா, திறந்து பார்த்தவுடன் நான், "என்னண்ணே, கிளிங்கரப் பேத்து எடுத்துக்கினு வந்துட்டீங்க?" என்றேன். யூனிட்டே சிரித்தது. சிரித்துக்கொண்டே பாக்ஸைக் காலியும் செய்தது. அந்தப் பெயர் அவர் வீடு வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. "கிளிங்கர் ரெடியாங்க?" என்று அண்ணி உள்ளிருந்து குரல் கொடுப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்றால் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வடக்குத்தில் இரண்டு அறை வீடு ஒன்று கட்டிக்கொண்டு போனார். கூப்பிடு தூரம்தான். ஆனால் அது மின்வெட்டு தமிழ்நாட்டையே ஆட்டிவைத்த காலம். டவுன்ஷிப்பில் அதன் நிழல்கூட விழவில்லை. கரண்ட் போகும் என்கிற நினைப்பே நமக்குக் கிடையாது. எத்தனை குவாட்டர்ஸில் மெழுகுவத்தி வைத்திருந்தோம், சொல்லுங்கள்? வடக்குத்திலோ எந்த நேரம் போகும், எந்த நேரம் வரும், நேரத்தை எப்போது மாற்றுவார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். அண்ணன் போன புதிதில் காலை வெட்டு விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் அவர் வீட்டில் சமையல் முடிந்துவிடும். அதனால் அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

அன்று விடிவதற்கு முன், எப்போதும்போல் டிரேயை ஓவனில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. பாதி வேகும் நேரத்தில், எப்போதும்போல் அண்ணிக்கு ஊசி போட்டார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப் பால் டிப்போவுக்கு வந்தார். வடக்குத்திலேயே பால் கிடைக்கும். ஆனாலும் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போகிற எங்கள் முகத்தைப் பார்க்காமல் அவருக்கு விடியாது. நான் டிப்போ எதிரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். தெருவிளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. டிப்போ ட்யூப்லைட்டுக்குக் கீழேதான் நாங்கள் இருவரும் நின்றோம். "பாய்லர் எப்படிடா இருக்கு?" என்று கேட்டார். கையில் பட்டை வாசனை. "ஓவன்ல வச்சிட்டு, ஊசியும் போட்டுட்டு வந்தேன். எடுக்குற நேரம் ஆச்சு. அவ பசி தாங்கமாட்டா" என்று சொல்லிப் பால் பையை ஹேண்டில்பாரில் மாட்டினார். பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன்.

அன்றுதான் வடக்குத்தில் நேரத்தை மாற்றியிருந்தார்கள். அவர் சைக்கிள் தெருமுனை தாண்டியதும் கரண்ட் போயிருக்க வேண்டும். திரும்பிப் போனபோது தெரு முழுக்க இருட்டு. அண்ணி அடுப்பங்கரையில் விழுந்து கிடந்தார். ஊசி வேலை செய்து, சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, பசியில் தடவித் தடவி வந்திருக்கிறார். சர்க்கரை டப்பாவைத் தேடியிருக்கிறார். அவர் திருட்டுத்தனமாகத் தின்றுவிடுகிறார் என்று அண்ணன் அதைப் பரணில் ஏற்றிவைத்திருந்தார். கடைசியில் ஓவனைத் திறந்து வேகாததை அள்ளி வாயில் போட்டிருக்கிறார். விரலெல்லாம் அரைவேக்காட்டு முட்டையும் ஓட்ஸும் ஒட்டியிருந்தன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விழுந்ததில் தலையிலும் அடி. நினைவு திரும்பாமலே போய்ச் சேர்ந்தார்.

அஞ்சலை என்னிடம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "டைம் மாத்திட்டானுவோன்னு ஊருக்கே தெரியும்ங்க. நான் ஒரு வார்த்த சொல்லியிருப்பேன். கரண்டு செய்றவங்களாச்சே, இவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு வுட்டுட்டேன்." அவள் மேல் என்ன தப்பு? வடக்குத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். கரண்ட் எடுக்கிறவனுக்குக் கரண்ட் போகிற நேரம் தெரியும் என்று. கரண்ட் எடுக்கிறவனுக்கோ அது போகும் என்பதே ஞாபகத்தில் இல்லை.

அண்ணியின் கருமாதி அன்று படையலுக்கு எல்லாம் தயாரான பிறகும் அண்ணன் அடுப்பங்கரையை விட்டு வரவில்லை. ஓவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பங்காளிகள் கூப்பிட்டார்கள். "நேரமாவுது வீராசாமி, எழுந்து வா" என்று மைத்துனர் சத்தம் போட்டார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெந்த பிறகு எடுத்துவந்து, சோற்றுக்குப் பக்கத்தில் இலையில் வைத்தார். படத்தைப் பார்த்து, "வெந்துடுச்சு கஸ்தூரி" என்றார். அத்தோடு சரி. ஓவனுக்கு உறை போட்டு மூடியவர் பிறகு அதைத் தொடவே இல்லை. மூன்று வேளையும் கஞ்சிதான் குடித்தார்.

அதற்குப் பிறகு இத்தனை வருடமும் நான் போகும்போதெல்லாம் அவர் என்னைக் கேட்டது ஒரே கேள்வி. எதையோ பேசிக்கொண்டிருப்பார். நடுவில் நிறுத்துவார். "ஏண்டா, அன்னிக்கு டிப்போல லைட்டு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதுண்ணே."

"நீ பாத்த இல்ல?"

"பாத்தேண்ணே. அதுக்குக் கீழதான நின்னோம்."

"எரிஞ்சுது இல்ல... நான் சாதாரணமா எழுந்து போய்ப் பாக்குறவன்டா" என்பார். அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். ஓரிரு முறை எனக்கே அலுத்து, "எத்தன தடவண்ணே சொல்றது?" என்று வாய் வரை வந்ததை விழுங்கியிருக்கிறேன். தினமும் சோறு தின்பதுபோல அவருக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது. அதைக் கொடுக்க என்னை விட்டால் ஆள் இல்லை. பந்தலில் பேசிய அந்தப் பெரிய மனிதர் இதைத் தெரிந்துகொள்ளட்டும். அண்ணன் மனைவியைச் சாகடிக்கவில்லை. பழக்கப்பட்ட வெளிச்சத்தை ஒரே ஒருநாள் நம்பிவிட்டார். அந்த இடத்தில் நாம் யாராக இருந்தாலும் நம்பியிருப்போம்.

சென்ற வாரம் அவருடைய கருமாதி. மகள் செல்வி சென்னையிலிருந்து வந்து வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, அப்பா ஞாபகமா ஒங்களுக்கு என்ன வேணும்?" என்றாள். மூலை நசுங்கிய அந்த டிரேயைக் கேட்டேன். படையலுக்கு அதில்தான் செய்தேன். ஆப்பிள், கொய்யா, அம்மியில் நுணுக்கிய பட்டை. இந்த முறை பலாச்சுளை இரண்டு போட்டேன். கஸ்தூரி அண்ணிக்கும் சேர்த்துத்தானே.

உறையை எடுத்து ஓவனைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. "கரண்டு இப்பல்லாம் முன்ன மாதிரி போவறதில்லீங்க. நீங்க போய் ஒக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள் அஞ்சலை. நான் நகரவில்லை. அவர் உட்கார்ந்திருந்த அதே தரையில் உட்கார்ந்து, ஓரம் சிவக்கும் வரை கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் பார்த்தேன்.

சுடச்சுட எடுத்துப்போய் இரண்டு படங்களுக்கும் நடுவில் இலையில் வைத்தேன். கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் விழுந்து கும்பிட்டு எழுந்து போனார்கள். டிரே இப்போது என் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கிறது. அவருடைய கேள்விக்கான பதிலும் என்னிடம்தான் இருக்கிறது. அன்று படையல் முன்னால் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"லைட்டு எரிஞ்சுதுண்ணே. நான் பாத்தேன்."